பதினேழு நிமிடம்

சதர்லாந்தில் இன்றிரவு மைனஸ் ஒன்பது.
கூண்டின் கூரையைத் திறக்கிறேன்.
இரும்பு பல்லைக் கடித்துக்கொண்டு நகர்கிறது.
கட்டுப்பாட்டு அறையில் ஹீட்டர் பழுது, மூன்றாம் நாளாக.
நான் கம்பளிக் கோட்டைக் கழற்றி
நாற்காலிமேல் வீசுகிறேன்.

லிண்டிவே திரும்பிப் பார்க்கிறாள்.
மூன்று காலுறை போட்டவள், தொப்பிக்கு மேல் தொப்பி.
"மறுபடியுமா, வாசுகி?"
மறுபடியும்தான்.
ஐம்பத்திரண்டு வயதில்
அடிவயிற்றில் எவளோ ஒருத்தி அடுப்பு மூட்டுகிறாள்.
கழுத்துவரை ஏறி, காதுமடலில் நின்று,
யாரென்று கேட்பதற்குள் போய்விடுகிறாள்.

இன்றைய வேலை ஒரே நட்சத்திரம்.
பீட்டா ஹைட்ரி.
இங்கே அது மறைவதே இல்லை.
துருவத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது,
செக்குமாடு மாதிரி என்று சொல்ல வந்தேன்,
செக்கை நான் பார்த்ததில்லை;
ரவுண்டானாவில் வெளியேறும் வழியைத் தவறவிட்ட
டர்பன் மினிபஸ் மாதிரி.

சென்னையில் அது உதிப்பதில்லை.
குமரிமுனையில் நின்றால்
கடலுக்கு மேல் மூன்று விரல் உயரம்,
அதுவும் மூட்டம் விட்டுக்கொடுத்தால்.
நிலா போகும் பாதையிலும் இல்லை.
ஆகவே இருபத்தேழில் சேரவில்லை,
எந்தப் பொருத்தத்திலும் இடிக்கவில்லை,
யாருடைய கல்யாணத்தையும் நிறுத்தியதில்லை.
முதலில் எனக்கு இதற்காகவே பிடித்தது.

கோப்பில் இருப்பது:
தூரம், இருபத்துநாலு ஒளியாண்டு.
எடை, நம் சூரியனைவிடக் கொஞ்சம் தூக்கல்.
மேனியின் சூடு கிட்டத்தட்ட அதே.
வயதில் மட்டும் ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டு மூத்தது.
மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டது.

தீர்ந்துவிட்டது என்று வாசித்தபோது
லிண்டிவே ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு
அவசரமாகத் திரையைப் பார்த்தாள். நல்ல பெண்.

ஆனால் கோப்பு அங்கே முடியவில்லை.
நடுவில் சாம்பல்.
சாம்பலைச் சுற்றி ஒரு ஓடு, அந்த ஓட்டில் எரிகிறது.
எரிய எரிய உடம்பு பெருக்கிறது,
இடுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு,
வெளிச்சம் மூன்றரை மடங்கு.
எல்லாம் இருந்த காலத்தில்
இவ்வளவு பிரகாசம் இருக்கவில்லை அதற்கு.

கோள் உண்டா என்றும் தேடியிருக்கிறார்கள்.
உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை.
சாட்ஸ்வொர்த்தில் என் சித்திமார்
இருபது வருடமாக இதே ஆய்வை என்மீது நடத்துகிறார்கள்,
கருவி எதுவும் இல்லாமலே.

ஒன்றரைக்கு வரைபடம் தெளிந்தது.
நட்சத்திரம் ததும்புகிறது.
நம் சூரியனுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு நடுக்கம்;
இதற்குப் பதினேழு.
உள்ளே ஒலி ஓடிப்போய்த் திரும்ப
அவ்வளவு இடம் ஆகிவிட்டது.
அத்தனை பெரிய மேனி எழுந்து தாழ்வதோ
வெளியே கரூவில்
மேய்ந்தபடி செம்மறி நகரும் வேகத்தில்.

எனக்கு அடுத்த அனல் வந்தது
ஒன்று நாற்பத்துமூன்றுக்கு.
அதற்கடுத்தது சரியாக இரண்டு மணிக்கு.
லிண்டிவே விரல்விட்டு எண்ணினாள்.
"இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடக்கூடாது," என்றாள்,
என்றாலும் பென்சிலை எடுத்தாள்.

காத்திருந்தோம்.
இரண்டு பதினேழு போனது, இரண்டரை போனது.
மூன்றாவது மூன்றேகாலுக்கு வந்தது,
எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல்,
தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு.
சிரித்தோம்.
இரவுப் பதிவேட்டில் அதை எழுதவில்லை.
'வானம் சுத்தம், காற்று லேசு' என்று மட்டும்.

ஏழரைக்குக் கிழக்கில் எழுந்தான் இளையவன்.
நடுவயிற்றில் இன்னும் பாதி எரிபொருள் மீதி,
ஒன்றும் தெரியாத முகம்.
அவன் வந்தும் மூத்தவள் இறங்கிப் போகவில்லை;
வெளிச்சத்துக்குள் எங்கோ தன் வட்டத்தில் இருக்கிறாள்.

கூரையை மூடுகிறேன்.
இப்போதுதான் குளிர்கிறது எனக்கு, எலும்புவரை.
கோட்டைத் தேடினால்
அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் லிண்டிவே.